கோணல் வகிடு

ஆடாமல் உட்காருடி என்று சொல்ல வேண்டிய தேவையே இப்போதெல்லாம் இல்லை. பின்வாசலில் துவைக்கிற கல்மேல் உட்கார வைத்துவிட்டால் வினோ வைத்த இடத்தில் இருக்கிறாள், தண்ணி டிரம்முக்குப் பக்கத்தில் இன்னொரு டிரம் மாதிரி. நான் பின்னால் நிற்கிறேன். பல்லிடுக்கில் ஒரு ரிப்பன், மணிக்கட்டில் ஒரு ரிப்பன், கையில் சீப்பு. முன்பெல்லாம் இவளுக்குத் தலை பின்னுவதென்றால் ஓடுகிற ஆட்டுக்குக் கயிறு மாட்டுகிற வேலை. டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி விசிலடிப்பாள், உள்ள போ உள்ள போ, படியில நிக்காத, உங்கப்பன் வீட்டுப் படியா என்று கழுத்தைத் திருப்புவாள், பாதிச் சடை என் கையிலிருந்து உருவிக்கொண்டு போகும், நான் சீப்பாலேயே மண்டையில் ஒன்று போடுவேன். பிளஸ் டூ வந்தும் நீ திருந்தலயேடி என்பேன். இப்போது திருந்திவிட்டாள். சீப்பு உச்சியில் இறங்கி இரண்டு விரல்கடை போனதும் சிக்கில் நிற்கிறது. இழுக்கிறேன். தலை சீப்போடு பின்னால் வருகிறது, விட்டால் திரும்பிப் போகிறது. வலிக்குதா என்று கேட்கவில்லை. கேட்டால் இல்ல என்பாள். வலிக்கிற அளவுக்குத்தான் இழுக்கிறேன், எனக்குத் தெரியும், கொஞ்சம் வேண்டுமென்றேகூட இழுக்கிறேனோ என்னவோ, ஆ என்று ஒரு சத்தமாவது வரட்டும் என்று. வரவில்லை. நேற்று நான் போட்ட சடையோடேயே படுத்து அதோடேயே எழுந்திருக்கிறாள். எழுந்திருக்கிறாள் என்பதுகூடச் சரியில்லை. நான் வந்து போர்வையை உருவி, கையைப் பிடித்துத் தூக்கி, முகத்தில் தண்ணி அடித்து, யூனிபார்ம் மாட்டி, இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தேன். இவள் அம்மா நூல் மில்லில் நைட் ஷிப்ட், இனிமேல்தான் மில் வேன் கொண்டுவந்து இறக்கிவிடும். அப்பா போர்வெல் லாரியோடு வடக்கே போனவர், பொங்கலுக்கு வருவார். அதனால் காலையில் இந்த வீட்டில் இவள் மட்டும்தான். இவளும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பொம்பளைப் பிள்ளைகளுக்கு ரெட்டைச் சடை, மேலே மடித்துக் கட்டி, பச்சை ரிப்பன். ஒற்றைச் சடையோடு போனாலோ ரிப்பன் தொங்கினாலோ பி.டி. டீச்சர் கேட்டிலேயே நிறுத்தி வைத்து, என்னடி, படம் எடுக்கப் போறாங்களா என்பார். மடிப்புச் சடையைத் தனக்குத்தானே நேராகப் போட்டுக்கொண்ட பிள்ளை எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை, அதனால் ஆறாவதிலிருந்தே நான் இவளுக்குப் பின்னுவேன், இவள் எனக்குப் பின்னுவாள். இப்போது எனக்கு அம்மா பின்னுகிறாள். ஏன்டி மதி, வினோ கை என்னாச்சு என்று கேட்டதற்குச் சுளுக்கும்மா என்றேன். சுளுக்கு மாதக்கணக்கில் இருக்குமா என்று அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு பொய் வைத்திருந்தேன். பொய்யில் நான் கெட்டிக்காரி. நான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரிதான். மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுக்க வேண்டும், அடிப்பிடித்த குழம்பை எப்படித் தேற்ற வேண்டும், கணக்கு சார் எந்தக் கணக்கைப் பரீட்சைக்குப் போடுவார், எல்லாம் தெரியும். இவளுக்கு என்ன என்பது மட்டும் தெரியவில்லை. லவ் பெயிலியரா என்று பின் பெஞ்சில் கேட்டார்கள். லவ் இருந்தால்தானே பெயிலாக. மார்க்கும் கெடவில்லை, அதாவது அப்போது கெடவில்லை, இப்போது கெட்டுவிட்டது. வீட்டில் அடி உதை இல்லை. காரணம் ஒன்று இருந்தால் அதைப் பிடித்து உலுக்கலாம். மழை பெய்யாமலே ஒழுகுகிற வீட்டில் ஓட்டை எங்கே என்று தேடுவது? ஒருநாள் கண்டக்டர் விசில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிறகு சோறு பாதியாயிற்று, பிறகு குளியல் நின்றது, பிறகு பேச்சு ம், இல்ல, தெரியல என்று மூன்று சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அதோ, சட்டைக் காலரில் அழுக்குக் கோடு. நாளைக்கு என் சட்டையைக் கொண்டுவர வேண்டும், இதைத் துவைக்க வேண்டும், துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்திருக்கிறாள், எழுப்பினால் துவைக்கலாம்.

போன வாரம் பிரேயரில் டீச்சர் இவளைத் தோளைப் பிடித்து அழைத்துப்போய்ப் படியில் நிறுத்தி, தலைன்னா இப்படி இருக்கணும், பாத்துக்கங்கடி என்றார். பள்ளிக்கூடமே பார்த்தது. பின்னந்தலையைப் பார்த்தது. சடை தெரிய வேண்டும் என்று திருப்பித்தானே நிறுத்தினார், முகத்துக்கு எதிரே சுவர்தான் இருந்தது. எனக்கு முதலில் பெருமையாக இருந்தது, ரெண்டு சடையும் தராசுத் தட்டு மாதிரி ஒரே மட்டம், என் கைவேலை. அப்புறம்தான் உறைத்தது. இந்த நேரான சடையைப் பார்த்துத்தான் இவள் நன்றாக இருக்கிறாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், டீச்சர், கிளாஸ் பிள்ளைகள், பஸ்ஸில் வருகிறவர்கள், அத்தை. அத்தை என்றால் இவள் அம்மா, சொந்தம் ஒன்றும் இல்லை, சின்ன வயதிலிருந்து அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். என்ன அத்தை, வினோ ஒரு மாதிரி இருக்கா என்று நான் சாடையாக ஒருநாள் ஆரம்பித்தபோது, பரீட்சை பயம்டி, தலைகிலை வாரி நல்லாத்தான போறா என்றாள். தலைகிலை வாரி. யார் வாரினார்கள்? தினமும் காலையில் வந்து ஒரு வெறும் ஆளைச் சரியான பிள்ளை மாதிரி கட்டி, முடிச்சுப் போட்டு, பஸ் ஏற்றி அனுப்புகிறது யார்? நான்தான். வாராமல் விட்டிருந்தால் முதல் வாரத்திலேயே கேட்டில் நிறுத்தியிருப்பார்கள், அம்மாவைக் கூட்டிட்டு வா என்றிருப்பார்கள், இல்லையென்றால் அடித்திருப்பார்கள், அடித்தால் என்ன, அடித்தாலும் முகத்தைப் பார்த்துத்தானே அடிப்பார்கள். சிக்கு எடுத்தாயிற்று. இனி வகிடு.

வகிடு எடுப்பதுதான் கஷ்டம். நேர் வகிடு எடுக்க முடியாது. உச்சிக்கு வலப்பக்கம் அந்த இடம் இருக்கிறது. முதலில் ஒரு ரூபாய்க் காசு அகலம் இருந்தது, இப்போது என் உள்ளங்கைக் குழி அளவு. வழவழவென்று, வெள்ளையாக, சின்னக் குழந்தையின் முட்டி மாதிரி. கிளாஸில் சார் நடத்திக்கொண்டே இருப்பார், இவள் கை மேலே போகும், ஒரே ஒரு முடியைத் தேடிப் பிடிக்கும், பட். அதை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். மறுபடியும் கை போகும். நான் கையைப் பிடித்து இறக்குவேன், என் கைக்குள் வைத்துக்கொள்வேன், நோட்ஸ் எழுத வேண்டும் என்று விடுவேன், பட். வலிக்கலயாடி என்றதற்கு ஒருநாள் மட்டும் நீளமாகப் பதில் சொன்னாள்: அந்த ஒரு செகண்டு மட்டும் ஏதோ இருக்கற மாதிரி இருக்கு மதி. அதனால் நான் வகிட்டை இடப்பக்கம் தள்ளிக் கோணலாக எடுத்து, அந்தப் பக்கத்து முடியை இந்தப் பக்கம் படிய வாரி, தண்ணி தொட்டு அமுக்கி, மேலே பின் குத்திவிடுகிறேன். யாருக்கும் தெரியாது. காற்றடித்தாலும் தெரியாது. அவ்வளவு நேர்த்தி. கோணல் வகிடுகூட ஸ்டைல் என்று எட்டாம் கிளாஸ் பிள்ளைகள் ரெண்டு பேர் அதே மாதிரி எடுத்துக்கொண்டு வந்தார்கள். சிரிப்பு வந்தது எனக்கு. சிரித்தேன். பக்கத்தில் இவளைப் பார்த்து, பாருடி உன் பேஷன் என்றேன். ம் என்றாள்.

சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் சத்தியம் இருக்கிறது. மழைநாள் அது, சாப்பாட்டு மணிக்கு மரத்தடியில் ஈரம் என்று சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்திருந்தோம், நான் இவள் டிபன் பாக்ஸிலிருந்து முட்டையை எடுத்து இவளுக்கே ஊட்டிக்கொண்டிருந்தேன், வாயில் முட்டையோடு சொன்னாள், நாளைக்கு எந்திரிக்காமலே இருந்தா நல்லாருக்கும். நாளைக்குக் கெமிஸ்ட்ரி டெஸ்ட், எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றேன். என் வாய் இருக்கிறதே, எதையும் தமாஷாக்கிவிட்டுத்தான் யோசிக்கும். அது இல்ல மதி, செத்துட்டா நல்லாருக்கும்னு தெனம் தோணுது என்றாள், உப்பு கம்மியா இருக்கு என்கிற மாதிரி. பிறகு என் கையை இழுத்து, முட்டை வாசம் அடிக்கிற கையை, தன் தலைமேல் வைத்துக்கொண்டு, யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு என்றாள். என் தலைமேல பண்றேன்டி என்றேன். உன் தலை வேணாம், என் தலைமேலதான், மீறுனா எனக்குத்தான் ஆகணும் என்றாள். கை அங்கேயே இருந்தது. எடுக்க வேண்டும் என்று தோன்றாமல் போயிற்று. சத்தியம் என்று சொல்லிவிட்டேன். இப்போது அந்தத் தலையைத்தான் தினமும் தொட்டு, கோதி, பிரித்து, மூன்றாகப் பகுத்துப் பின்னிக்கொண்டிருக்கிறேன், தொடும்போதெல்லாம் அந்தச் சத்தியமும் கையில் ஒட்டுகிறது. சொன்னால் இவளுக்கு ஆகும். சொல்லாவிட்டாலும் இவளுக்குத்தான் ஆகும். எங்கள் தெருவில் முனியாண்டி மாமா இனிமேல் குடிக்கமாட்டேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு அன்றைக்கே குடித்தார், அந்தப் பிள்ளைக்கு மஞ்சக்காமாலை வந்தது, தெருவே சத்தியம் கொன்னுபோடும்டா என்று அவரைக் காறித் துப்பியது. ஆனால் அந்த வருஷம் குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்தது, தெருவில் நிறையப் பேருக்குக் காமாலை வந்தது, எல்லாருடைய அப்பன்களுமா சத்தியம் பண்ணினார்கள்? அந்தப் பிள்ளையும் பிழைத்து இப்போது நொண்டி ஆடிக்கொண்டு திரிகிறது. இதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரியும். தெரிந்துகொண்டே வாய் திறக்கமாட்டேன் என்கிறது. இவள் தலையாயிற்றே. வேறு யார் தலையாக இருந்தாலும் உடைந்தால் உடையட்டும் என்று சொல்லியிருப்பேன்.

இடப்பக்கச் சடை பாதி வந்துவிட்டது. மூன்று கால், ஒன்றின்மேல் ஒன்று, இறுக்கி, இறுக்கி. காலையில் எங்கள் வீட்டிலிருந்து இங்கே வருகிற வழியில் ரைஸ் மில் முனை திரும்பும்போது நான் காதைத் தீட்டிக்கொள்கிறேன். அழுகைச் சத்தம் கேட்கிறதா, இவர்கள் வாசலில் ஆள் கூடியிருக்கிறதா. இல்லையென்றால்தான் மூச்சு வருகிறது. ஒருநாள் நிஜமாகவே கூட்டம் நின்றது, என் கால் அங்கேயே நின்றுவிட்டது, புடவை வியாபாரி. புடவை வியாபாரியைப் பார்த்து அழுதவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என்ன பாப்பா, சாயம் போயிரும்னு பயமா, நம்ம சரக்கு போகாது என்றார் அவர். உள்ளே வந்து போர்வையை இழுத்ததும் இந்தச் சிக்குத் தலை தெரிந்தது, அதற்குக் கீழே மூச்சு வந்துபோயிற்று, அப்பாடா, தலை இருக்கிறது, வார ஒரு தலை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் குடிதண்ணிக் குழாய்க்கு மேலே சுவரில் ஒரு நம்பர் எழுதியிருக்கிறது, மனசு சரியில்லாதவர்கள் கூப்பிடலாம், காசில்லை. அம்மா போனிலிருந்து கூப்பிட்டேன். ஒரு அக்கா எடுத்தார், சொல்லும்மா, உன் பேர் சொல்ல வேண்டாம்டா, சும்மா பேசு என்றார், குரலிலேயே தலையைக் கோதுகிற மாதிரி. யார்ட்டயும் என்றுதான் சத்தியம் செய்தேன், இந்த அக்காவும் யாரோ ஒருத்தர்தானே. ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அந்த அக்கா அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாரோ என்று நினைத்து அதற்கும் தனியாக ஒருநாள் வருத்தப்பட்டேன்.

ஆறாவதில் இவளுக்குப் பேன் என்று சொல்லி கிளாஸே தள்ளி உட்கார்ந்தது. பெஞ்சின் ஓரத்தில் இவள் ஒருத்தி, நடுவில் காலி இடம். நான் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெரிய மனசு ஒன்றும் இல்லை, எனக்கும் பேன், என்றைக்காவது தெரிந்துவிடும், தெரிவதற்கு முன்னால் கட்சி மாறிவிடலாம் என்று. என் பேனும் உன் பேனும் இனிமே சம்பந்திக என்றேன். இவள் சிரித்த சிரிப்பில் சார் ரெண்டு பேரையும் வெளியே நிற்க வைத்தார், வெளியே நின்றும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எங்கே போகும்? ஒரு சிரிப்பு அப்படியே இல்லாமல் போகுமா? இந்தத் தலைக்குள்தான் எங்கேயாவது இருக்க வேண்டும், இந்த எலும்புக்கு அடியில், என் விரலிலிருந்து ஒரு நகம் தூரத்தில். சீப்பு அதுவரைக்கும் போகாது. இடப்பக்கம் முடிந்தது. மடித்து, ரிப்பன் சுற்றி, பூ மாதிரி முடிச்சு. வலப்பக்க முடி விரிந்து கிடக்கிறது தோளில், அந்த இடம் வெயிலில் மினுக்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். பேசக் கூடாது என்றுதானே சத்தியம். பின்ன வேண்டும் என்று யார் சத்தியம் வாங்கினார்கள்? நான் வாய் திறக்கவில்லை. வலப்பக்கத்தைப் பின்னாமல் விட்டால், விட்டுவிட்டு அந்தச் சுவரில் போய்ச் சாய்ந்து நின்றால், அத்தை வருவாள், பார்ப்பாள், இதென்ன பாதித் தலை என்பாள், கிட்டே வருவாள், அந்த இடத்தைப் பார்ப்பாள், தானாகத் தெரிந்துகொள்வாள். அம்மாவுக்குத் தெரியாதா? பெற்றவளுக்கு ஒரு பார்வை போதாதா? ரிப்பனைப் பல்லிலிருந்து எடுத்துக் கல்மேல் வைக்கிறேன், சீப்பையும் வைக்கிறேன். வினோ திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்துவிட்டதா என்றும் கேட்கவில்லை. பாதித் தலையோடு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு மட்டும் ஏதோ பெரிய வேலை செய்துவிட்ட மாதிரி இருக்கிறது.

மில் வேன் ஹாரன். செருப்புச் சத்தம். அத்தை பின்வாசலுக்கு வருகிறாள், புருவத்திலெல்லாம் பஞ்சு, கண் ரெண்டும் மிளகாய். எங்களைப் பார்க்கிறாள், பாதித் தலையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். என்னடி, ரெண்டு பேருக்கும் சண்டையா, பஸ் வந்துரும், கழுதைகளா என்கிறாள். அவளே சீப்பை எடுக்கிறாள். நான் போட்ட சடையையும் அவிழ்க்கிறாள், கோணலா எடுத்திருக்க பாரு என்று சொல்லிக்கொண்டே நெற்றியிலிருந்து நேராக வகிடு இழுக்கிறாள், நேராக, நேராக, சீப்பு நிற்கிறது. நின்றுவிட்டது. அத்தை குனிகிறாள். கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவுகிறாள். டிரம்மில் குழாய்த் தண்ணி சொட்டுகிறது. பார்த்துவிட்டாள், பார்த்துவிட்டாள், இனி என் பொறுப்பு இல்லை, இனி டவுனுக்குக் கூட்டிப் போவார்கள், பெரியாஸ்பத்திரியில் இதற்கென்று டாக்டர் இருக்கிறார்களாம், மாத்திரை இருக்கிறதாம், நானும் கூடப் போவேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அடப்பாவி, பூச்சிவெட்டு என்கிறாள் அத்தை. ஏன்டி சொல்லல, சின்ன வெங்காயம் தேச்சா ஒரு மாசத்துல மொளச்சிரும், எங்க சூப்பர்வைசர் மகளுக்கு வந்துச்சு. சொல்லிக்கொண்டே சீப்பை எடுத்து வகிட்டை அழித்து இடப்பக்கம் தள்ளுகிறாள். நான் எடுக்கிற அதே இடம். அதே கோணல். அந்தப் பக்கத்து முடியை இந்தப் பக்கம் கொண்டுவந்து தண்ணி தொட்டு அமுக்கி, மேலே பின் குத்துகிறாள், யாரும் சொல்லித்தராமல், என் கை மாதிரியே. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. நான் வினோ தலைமேல் கையை வைத்தேன், சத்தியம் செய்த அதே கையை, அத்தையின் விரல்களுக்கு நடுவில்.

"பூச்சிவெட்டு இல்ல அத்தை. இவளே பிடுங்குறா. சாகணும்னு தெனம் சொல்றா."

சொல்லிவிட்டேன். கைக்கு அடியில் தலை சூடாக இருக்கிறது. உடையவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அத்தையின் கை ஒரு பின்னல் போடுகிற நேரம் நின்றது, பிறகு மறுபடியும் ஓட ஆரம்பித்தது, மில்லில் அறுந்த இழையை முடிச்சுப்போட்டுவிட்டு ஓட விடுகிற மாதிரி.

"யாருதான் சொல்லல," என்றாள். "மெஷின் முன்னால நிக்கிறப்ப நானும்தான் தெனம் சொல்றேன். சொன்னவளெல்லாம் செத்துட்டா மில்லை யாரு ஓட்டுறது?"

அதில் கோபம் இல்லை. தமாஷாகத்தான் சொன்னாள். நான் கெமிஸ்ட்ரி டெஸ்ட் என்று சொன்னேனே, அதே மாதிரி. ரெண்டு சடையையும் பின்னி மடித்தாள், ரிப்பன் சுற்றினாள், என்னுடையதைவிட இறுக்கமான முடிச்சு. உள்ளே போய் ரெண்டு சின்ன வெங்காயம் கொண்டுவந்து என் கையில் வைத்து, சாப்பாட்டு மணிக்குத் தேச்சு விடு, நீதான் பொறுப்பு என்றாள். அப்புறம் வினோவின் கன்னத்தைப் புறங்கையால் ஒருதரம் தொட்டாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. காய்ச்சல் இல்லை. படுக்கப் போய்விட்டாள்.

பஸ் ஸ்டாப் கல்லில் உட்கார வைத்திருக்கிறேன். சொல்லிட்டேன்டி என்கிறேன். ம் என்கிறாள். கோவமா? இல்ல. இத்தனை நாள் நான் பயந்ததெல்லாம் அந்தக் கோபத்துக்குத்தான், இனி பேசமாட்டாள், என் மூஞ்சியில் முழிக்கமாட்டாள் என்று. கோபப்படுவதற்கும் உள்ளே ஒரு ஆள் வேண்டியிருக்கிறது போல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரியே உட்கார்ந்திருக்கிறது, முன்பு மாதிரி இருந்தால் டிக்கெட் எடுத்துட்டியா என்று அதைக் கேட்டிருப்பாள். நான் கேட்கலாம். எனக்கும் வாய் வரவில்லை. சாயங்காலம் அத்தை தூங்கி எழுந்ததும் மறுபடியும் சொல்ல வேண்டும், டீச்சரிடம் சொல்ல வேண்டும், அந்தப் போன் அக்காவிடம் சொல்ல வேண்டும், சத்தியம்தான் போய்விட்டதே, இனி ஊர் முழுக்கச் சொல்லலாம். டீச்சர் என்ன சொல்வார், தலை இவ்வளவு நல்லா வாரியிருக்காளே என்பார். கையில் வெங்காயம் வேர்த்திருக்கிறது. சாப்பாட்டு மணி வரைக்கும் எதற்கு. தோலை உரித்து, பல்லால் ரெண்டாகக் கடித்து, இவளுக்குப் பின்னால் போய் நிற்கிறேன். பின்னை எடுத்து, படிந்த முடியை விலக்கி, அந்த வெள்ளை இடத்தில் வைத்துத் தேய்க்கிறேன். வட்டமாக. சாறு இறங்கி வகிட்டில் ஓடுகிறது. நேற்று பிடுங்கியது இன்னும் சிவந்துதான் இருக்கிறது, பட்டால் சுள்ளென்று இருக்க வேண்டும்.

எரியுதா என்று கேட்கிறேன்.

தெரியல என்கிறாள்.

பஸ் வருகிற சத்தம் கேட்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கிறேன்.